வீடு வீடாகச் சொன்ன அக்கா

"சரி, அப்ப போட்டு வாறம்" என்று அக்கா சொன்னவுடன் எழுந்து நிற்பவன் அவரோடு வீடுகளுக்குப் போய்ப் பழகாதவன். முதலில் கதிரையில் இருந்தபடியே சொல்வார். அதன் பிறகுதான் அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பைப் பற்றிய கதை தொடங்கும். அடுத்ததாக வாசற்கதவடியில், ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு சொல்வார். அங்கே யாருடைய முழங்கால் வலியாவது ஞாபகத்துக்கு வந்துவிடும். கடைசியாக, தெருவோரக் கேற்றடியில். அதற்குள் நான் காரை இயக்கிவிட்டு, ஹோர்ன் அடிக்கவும் முடியாமல், ஸ்டியறிங்கைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். நாங்கள் எதற்காக வந்தோமோ அந்த விஷயத்தை அந்தக் கேற்றடியில்தான், போகிற போக்கில் அக்கா சொல்வார்.

"வாற மாதம் எலெக்‌ஷன் எல்லே. எங்கட பிள்ளை ஒண்டு அதில நிக்குது. கட்டாயம் வரவேணும், என்ன?"

அவ்வளவுதான். கட்சியின் பெயர் இல்லை, கொள்கை இல்லை. கேட்பவர்கள் அக்கா வீட்டில் யாரோ பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு என்று நினைத்துவிடுவார்களோ என்றுகூட எனக்குப் பயம். "எங்கட பிள்ளை" என்று அவர் சொன்னது ஜெனியை. ஜெனி ஐம்பது வயதான, ஆறடி உயரமான, செம்பட்டைத் தலைமுடிக்கார ஓஸ்திரேலியத் தாதி. தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'வடை'.

இது நடந்து சில வருடங்களாகின்றன. மெல்பேர்னில், கிளேட்டனையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த எங்கள் தொகுதியில் மாநிலத் தேர்தல் வந்தது. அதற்கு முன்பு கட்சிக்குள் ஒரு தேர்தல் நடக்கும். யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று கட்சி அங்கத்தவர்கள் வாக்களிப்பார்கள். பிரிசெலெக்‌ஷன் என்பார்கள். அந்தமுறை அதில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஜெனி. மற்றவர் எங்கள் டொக்டர். அரைவாசித் தமிழ்ச் சனத்துக்குக் காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்தவர். அவருக்காகவே எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் புதிதாகக் கட்சியில் சேர்ந்தன. அவர் மயிரிழையில் தோற்றார்.

நான் ஜெனியின் பக்கம் நின்றவன். என் தொழில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணினி வேலை. கட்சியில் தொண்டர்களை ஒழுங்குசெய்கிற வேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டவன். டொக்டர் தோற்ற அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் விபூதியை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். ஜெனியின் பெயருக்கு நேரே கடைசி எண்ணைப் போடப்போவதாகச் சனம் வெளிப்படையாகவே கதைத்தது. எங்கள் மாநிலத்தில் வாக்குச்சீட்டில் உள்ள எல்லாப் பெயருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். கடைசி எண் என்றால் செருப்பால் அடித்ததற்குச் சமம்.

எங்கள் மேலிடத்தார் ஒற்றுமையை உண்டாக்கினார்கள். தாதிகள் சங்கம், வாடகைக்கு இருப்போர் அமைப்பு, அகதிகளுக்காகக் குரல்கொடுக்கும் குழு, சூழல்காரரின் கட்சி, எல்லாரும் ஒரே மேடையில் ஏறி, உங்கள் இரண்டாவது விருப்பு, அதாவது சீட்டில் இரண்டு என்ற எண், எங்களுக்கு, எங்களுடையது உங்களுக்கு என்று ஒப்பந்தம் செய்தார்கள். டொக்டரும் வந்து ஜெனியின் கையைக் குலுக்கினார். படம் எடுத்தோம். காகிதத்தில் எங்கள் ஒற்றுமை அப்படியொரு அழகு. அதைக் கொண்டாட நூலக மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். நான்தான் எல்லாத் தமிழ் வட்ஸ்அப் குழுக்களுக்கும் அறிவித்தல் போட்டேன். சமோசாவுக்கு ஓடர் கொடுத்தேன். அன்று மண்டபத்தில் கதிரைகள் இருந்தன, சமோசா இருந்தது, மேடையிலிருந்த தலைவர்கள் இருந்தார்கள். தமிழ்ச் சனம் என்று பார்த்தால் நானும், நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்து தவறுதலாக உள்ளே நுழைந்த ஒருவரும்தான். மிஞ்சிய சமோசாவை ஒரு கிழமை முழுக்கக் காலைச் சாப்பாடாகச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் யாரோ அக்காவைப் பிடிக்கச் சொன்னார்கள். அவர் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் விடிய வேலைக்குப் போய் மத்தியானம் வருபவர். எந்தச் சங்கத்திலும் பதவி கிடையாது. ஆனால் அவர் சொன்னால் கேட்க ஒரு கூட்டம் இருந்தது. எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. அவரும் டொக்டருக்காகக் கட்சியில் சேர்ந்து வாக்களித்தவர்தான்.

போன் எடுத்தேன். மரியாதையாக, விளக்கமாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஓம் தம்பி. ஆனா எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையே."

"இப்பதானே அக்கா நான் சொன்னனான்?"

"இது போன், தம்பி. சொல்லுறதெண்டா வீட்ட வந்து சொல்லவேணும்."

எனக்குத் தலையிடி அன்றைக்கே தொடங்கிவிட்டது. இருந்தாலும் போனேன். ஊர்க்கலியாணத்துக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்கிற முறை எனக்குத் தெரியாததல்ல. அட்டை தபாலில் வந்தது என்பதற்காகச் சொந்தத் தங்கையின் மகனின் கலியாணத்துக்குப் போகாதவர்கள் எங்கள் பரம்பரையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சம்பிரதாயத்தை ஒரு மாநிலத் தேர்தலுக்கும் கொண்டுவருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

வீட்டில் அவருடைய கணவர் சாய்கதிரையில் படுத்திருந்தார். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைசெய்த மனிதர். இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. அன்று வியாழக்கிழமை. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் அவருக்கு டயலிசிஸ். சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. நல்ல காலம், எங்கள் ஊரிலேயே, அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு சின்ன டயலிசிஸ் நிலையம் இருந்தது. அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போய்வருவார். மற்றக் கட்சி ஆட்சிக்கு வந்தால் அந்த நிலையத்தை மூடி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்போவதாக வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. டயலிசிஸ் முடிந்தால் அந்த மனிதரால் அரைமணி நேரம் நிமிர்ந்து நிற்க முடியாது. அவரை ஏற்றிக்கொண்டு பஸ், ரெயில், ட்ராம் என்று கிழமைக்கு மூன்று நாள் யார் போவது? ஒரே மகள் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்தாள். அங்கே வரச்சொல்லி அழுதாள். அக்காவின் கணவர் அசையமாட்டேன் என்றார்.

ஆக, இந்தத் தேர்தலில் தோற்றால் எனக்குக் கொஞ்சம் மானம் போகும். அக்காவுக்கு வாழ்க்கையே இடறும். நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்க முன்பே அவர் சரி என்றுவிட்டார். பிறகு தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, கடிந்துகொண்டார்:

"நீங்கள் ஒற்றுமை எண்டு மேடையில ஏறிப் படம் எடுத்தனீங்கள். சனத்துக்கு ஆர் சொன்னது? பிரிசெலெக்‌ஷன்ல தோத்த பக்கத்துக்கு வெண்ட பக்கமெல்லோ வந்து சொல்லவேணும்? அந்த முறைகூடத் தெரியாமல் என்ன அரசியல் செய்யிறியள்?"

அன்றிலிருந்து நான் அவருடைய சாரதி. வேலை முடிந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், நோபிள் பார்க், ஸ்பிரிங்வேல், கிளேட்டன், கிளென் வேவர்லி என்று அலைந்தோம். எங்கள் கட்சியின் கணக்கில் ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம். அக்காவின் கணக்கில் தேத்தண்ணி கொதிக்கவே அதைவிட நேரம் செல்லும். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம். பிள்ளை பிறந்த வீட்டில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். புதுவீடு கட்டியவர்களின் ஒவ்வொரு அறையையும், உடுப்புத் தோய்க்கும் அறை உட்பட, பார்த்து வியந்தார். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் கால்நூற்றாண்டுக்கு முந்திய இயக்கக் கதை ஒன்றைத் தொடங்கி முடிக்கவேயில்லை. அக்கா 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தார். இந்த வேகத்தில் போனால் தேர்தல் முடிந்து அடுத்த தேர்தலும் வந்துவிடும் என்று நான் காருக்குள் கத்தினால், எருமைமாட்டில் மழை பெய்த மாதிரி இருப்பார்.

"தம்பி, அடுத்த சந்தியில இடப்பக்கம்."

ஒருமுறை சூழல்காரரின் கட்சியிலிருந்து ஒரு பிள்ளையும் எங்களோடு வந்தது. கையில் ஒரு பலகை, அதில் கேட்க வேண்டிய கேள்விகள். பாவம், நல்ல பிள்ளை. முதல் வீட்டிலேயே கதவைத் திறந்த மனிதரிடம், பருவநிலை மாற்றம் பற்றி உங்களுக்கு எவ்வளவு அக்கறை, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டது. அக்கா அந்தப் பிள்ளையின் பலகையை மெல்ல வாங்கிக் காரின் பின் சீற்றில் வைத்துவிட்டு, "முதல்ல உள்ள வந்து இரும், மகள்" என்றார். பின்னேரம் முழுக்க அந்தப் பிள்ளை ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டது. உறைப்பில் கண்ணீர் வடிய வடிய, இன்னும் தாருங்கள் என்றது. அடுத்த முறையும் வந்தது. ஆனால் அதன்பிறகு பலகையைக் கொண்டுவரவில்லை.

அவருடைய முறை பலித்தது என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். எல்லா இடத்திலும் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்வேலில் ஒரு வீட்டில் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, "வெள்ளைக்காரிக்கு வால்பிடிக்க வந்திட்டியளோ" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் கொதித்தேன். சாத்திய கதவைப் பார்த்து அக்கா, "சரி, சொல்லியாச்சு" என்றார். வந்து சொன்னோம் என்பதே அவருக்குப் போதும். வருவதும் வராததும் அவர்கள் பாடு. ஒரு வாக்குக்கூட வீணாகக்கூடாது என்று நெஞ்சிடித்துக்கொண்டு திரிந்த எனக்கு இது விளங்கவேயில்லை.

நோபிள் பார்க்கில் ஓர் ஐயா சந்தோஷமாகச் சொன்னார், நீங்கள் வீடு தேடி வந்தபடியால் உங்கள் பிள்ளைக்கே பெரிய புள்ளடியாகப் போடுகிறேன் என்று. ஊரில் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டே பழகிய கை. இங்கே புள்ளடி போட்டால் அந்த வாக்குச் செல்லாது. இத்தனை வருடமாக ஒவ்வொரு தேர்தலிலும் புள்ளடிதான் போட்டதாக அவர் பெருமையோடு சொன்னபோது வீணாய்ப்போன வாக்குகளை நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அக்கா சிரிக்கவில்லை. "ஐயா, இஞ்ச எல்லாரையும் வரிசைப்படுத்தித்தான் கூப்பிடுறவை. பந்தியில இருத்துற மாதிரி. முதல் ஆள், ரெண்டாவது ஆள், கடைசி ஆள். ஒருத்தரையும் விடக்கூடாது" என்று என் காரின் தூசியில் விரலால் பெட்டி கீறி எண் போட்டுக் காட்டினார். நான் அச்சடித்துக் கொடுத்த வண்ணத் துண்டுப்பிரசுரத்தில் இதே விளக்கம் ஆறு மொழியில் இருந்தது.

எனக்குப் பொறுக்கவே முடியாமல் போனது வேறொரு விஷயம். இத்தனை வீட்டில் எந்த வீட்டிலும் அக்கா தன் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நிலையம் மூடப்படும் என்று நான் தொடங்கினால், "சரி, நேரம் போகுது" என்று வெட்டிவிடுவார். நேரத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டது அந்த ஒரு தருணத்தில் மட்டும்தான்.

ஒருநாள் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். "அக்கா, இதைவிட வேற என்ன காரணம் வேணும்? அண்ணைக்கு டயலிசிஸ், மற்றக் கட்சிக்காரர் வந்தா மூடிப்போடுவினம் எண்டு ஒரு வசனம் சொன்னாக் காணும். சனம் தானா வரும். ஏன் சொல்லமாட்டன் எண்டு நிக்கிறியள்?"

"அதைச் சொன்னா அது கேக்கிறது, தம்பி. நான் சொல்லத்தான் வந்தனான். கேக்க வரேல்லை."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"உமக்கு விளங்காது. காரை எடும்."

எனக்கு விளங்கவில்லைதான். இப்படி ஒரு வீம்பா என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். நாளைக்கு நிலையத்தை மூடினால் இந்த மரியாதையைக் கரைத்துக் குடிக்கட்டும் என்றும் சொன்னேன்.

கடைசியில் ஒரே ஒரு வீடுதான் மிச்சம் இருந்தது. டொக்டரின் வீடு. அங்கே போகத் தேவையில்லை, டொக்டர் மேடையிலேயே கைகுலுக்கிவிட்டாரே என்றேன். "நீங்கள் டொக்டருக்குச் சொன்னியள். டொக்டற்ற மனுசிக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார் அக்கா. அந்தக் கேள்வி எங்கள் மேலிடத்தில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. உண்மையில் பிரிசெலெக்‌ஷன் நேரம் வீடு வீடாக ஏறி இறங்கி, அந்தக் குடும்பங்களையெல்லாம் கட்சியில் சேர்த்தவர் டொக்டரின் மனைவிதான். டொக்டர் கிளினிக்கை விட்டு வெளியே வந்ததே குறைவு. தோற்ற பிறகு அந்தப் பெண்ணிடம் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குருவிகூடப் போகவில்லை. அவர் இன்னும் முகம் கொடுக்காமல் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் இன்னும் தயங்கிக்கொண்டு இருந்தன.

"அப்ப இண்டைக்கே போவம்" என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை, ராகுகாலம் என்றார் அக்கா. அவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர். மத்தியானத்தோடே முடிந்துவிட்ட ராகுகாலத்தைப் பின்னேரமும் பார்க்கிற வேதக்காரரை நான் அன்றுதான் கண்டேன். அடுத்த நாள் டயலிசிஸ். அதற்கடுத்த நாள் பூசை. பிறகு தலைவலி. எந்த வீட்டுப் படியும் ஏறத் தயங்காத மனுஷி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நாளைக் கடத்திக்கொண்டே போனார். தேர்தலுக்கு முந்திய புதன்கிழமைதான் ஒருமாதிரி இழுத்துக்கொண்டு போனேன். 

கதவைத் திறந்த டொக்டரின் மனைவி எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் விட்டார். பிறகு உள்ளே போனார். பின்னாலே போனோம். வரவேற்பறையில் இருக்கச் சொல்லவில்லை. நேரே குசினிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேத்திலைப் போட்டார்.

"எலெக்‌ஷனுக்குச் சொல்ல வந்தனீரோ?"

"ஓம்" என்றார் அக்கா.

"எலெக்‌ஷனுக்குச் சொல்ல வழி தெரிஞ்சிருக்கு. உம்மட மனுசனுக்கு ரெண்டு கிட்னியும் போனதை நான் ஆரோ சொல்லிக் கோயில்லதான் கேள்விப்பட்டனான். வந்த புதுசில ஒரு வீட்டில ஒரு குசினியில சமைச்சனாங்கள். எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனீரே?"

 இவர்கள் இருவரும் ஒருகாலத்தில் அவ்வளவு நெருக்கம் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை நாள் காரில் வந்த மனுஷி ஊரிலுள்ள எல்லார் கதையும் சொன்னார். இதை மட்டும் சொல்லவில்லை.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வருத்தத்துக்கு ஆரும் வீடு வீடாப் போய்ச் சொல்லுறதே? நல்லதுக்குச் சொல்லவேணும். கெட்டதுக்குக் கேள்விப்பட்டா வரவேணும். நீர் கேள்விப்பட்டனீர்தானே? ஏன் வரேல்லை? நான் வாசலைப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனான்."

"சொல்லாமல் வாறது செத்தவீட்டுக்கு. உயிரோட இருக்கிற மனுசனைச் செத்தவீடு மாதிரி வந்து பாக்கச் சொல்லுறீரோ? நீங்கள் மறைக்கிறியள் எண்டுதான் நாங்கள் நினைச்சம். எங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு. இந்த வீட்டில ஒரு டொக்டர் இருக்கிறார். அவரிட்டக்கூட ஒரு வார்த்தை கேக்கேல்லை நீர்."

கேத்தில் கொதித்துத் தானாக நின்றது. ஒருவரும் தேத்தண்ணி ஊற்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? தேர்தலுக்கு மூன்று நாள். தோற்றால் அக்காவின் கணவரை உயிரோடு வைத்திருக்கும் இடத்தை மூடிவிடுவார்கள். இங்கே இரண்டு பெரிய மனுஷிகள், வருத்தம் என்பது சொல்ல வேண்டிய பட்டியலில் வருமா, சொல்லாமலே வர வேண்டிய பட்டியலில் வருமா என்று வழக்காடுகிறார்கள். இவர் வருவார் என்று அவர் பார்த்திருக்க, அவர் சொல்வார் என்று இவர் பார்த்திருக்க, இடையில் இத்தனை காலம் போயிருக்கிறது. எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரால் இப்படி ஒரு பகையை உண்டாக்க முடியும்? இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. வெட்கமில்லாமல் எனக்கு அழுகையும் வந்தது.

அப்போது அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். யாரும் இருக்கச் சொல்லவில்லை. "அப்ப இப்ப சொல்லுறன்" என்று தொடங்கினார். கணவருக்குக் கால் வீங்கத் தொடங்கியதிலிருந்து சொன்னார். தொழிற்சாலையில் மயங்கி விழுந்தது, கையில் குழாய் வைக்க வெட்டியது, முதல் நாள் டயலிசிஸில் அவர் சின்னப்பிள்ளை மாதிரிப் பயந்து இவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லாத அத்தனையையும் அந்தக் குசினியில் சொன்னார். டொக்டரின் மனைவி முன்னால் இருந்து, இடையிடையே மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். நான் போய்க் காருக்குள் இருந்தேன்.

இருட்டத் தொடங்கும்போது அக்கா வந்தார். அன்று கேற்றடிக் கதை ஒன்றும் நடக்கவில்லை.

"சொன்னனீங்களே?" என்று கேட்டேன்.

"ஓம், எல்லாம் சொன்னன்."

"எலெக்‌ஷனுக்கு?"

அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபக்கம் திரும்பி யன்னலால் பார்க்கத் தொடங்கினார். சொல்லவேயில்லை! யார் எவரென்று தெரியாத வீட்டுக்காரிகளுக்கெல்லாம் கேற்றடியில் நின்று சொன்ன மனுஷி, சொல்லியே ஆக வேண்டிய ஒரே ஆளிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டார். அன்று நான் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் மரியாதை கெட்டிருக்கும்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். இழுத்தடிக்க எனக்குப் பொறுமை இல்லை. வென்றோம். பெரிய வெற்றி இல்லை. எண்ணி எண்ணிப் பல நாள் இழுபட்டு, மற்றவர்களின் இரண்டாம் விருப்புகள் வந்து சேர்ந்த பிறகுதான் ஜெனி கரையேறினார். நிலையம் அதே இடத்தில் இருந்தது. அக்காவின் கணவர் கடைசிவரை அங்கேதான் போய்வந்தார். அவர் போன பிறகு அக்கா மகளிடம் சிட்னிக்குப் போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது வாக்களிப்பு நாளை. இங்கே தேர்தல் எப்போதும் சனிக்கிழமைதான். அக்காவின் கணவருக்கும் சனிக்கிழமை டயலிசிஸ். அதனால் பின்னேரம், எல்லாம் முடிந்த பிறகுதான் வாக்குச்சாவடிக்கு வர முடியும் என்று அக்கா முதலே சொல்லியிருந்தார். நாங்கள் நின்றது ஒரு ஆரம்பப் பாடசாலை வாசலில். ஒருபக்கம் சொசேஜ் பொரிக்கிறார்கள், மறுபக்கம் எல்லாக் கட்சிக்காரரும் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று காட்டும் அட்டைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். டொக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் அட்டையை வாங்கி நின்று கொடுத்தார். ஆனால் மனைவி வரவில்லை. எங்கே என்று கேட்டேன். காலையில் வெளிக்கிட்டுப் போய்விட்டா, எங்கே என்று தனக்குத் தெரியாது என்றார். கட்சியில் புதிதாகச் சேர்ந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து, டொக்டரைப் பார்த்துச் சிரித்து, அவர் பக்கத்தில் அவர் மனைவியைத் தேடின. நான் அந்தப் பெண்ணுக்குப் போன் மேல் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. போச்சு, புதன்கிழமை வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் இன்றைக்கு வந்து நின்றிருப்பா என்று அக்காவை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

பத்து மணியளவில் பார்த்தால், அக்கா நடந்து வருகிறார். நல்ல சேலை. வேர்த்து விறுவிறுத்திருந்தது.

"என்ன அக்கா, அண்ணையை ஆர் பாக்கிறது? டயலிசிஸ் எல்லே இண்டைக்கு?"

அக்கா என் கையிலிருந்த அட்டைகளில் பாதியை வாங்கிக்கொண்டார். 

"அவ நிக்கிறா."

"ஆர்?"

"டொக்டற்ற மனுசி. விடியக் கதவு தட்டிக் கேட்டுது. திறந்தா காரோட நிக்கிறா. 'நீர் போம், நான் அவரோட இருக்கிறன்' எண்டா. காரில ஏத்தி, கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில கதிரையைப் போட்டு இருக்கிறா. போனையும் நிப்பாட்டிப்போட்டா, அவர் நித்திரை கொள்ளட்டுமெண்டு."

"நீங்கள் கேட்டனீங்களோ வரச்சொல்லி?"

"நான் கேக்கேல்லை, தம்பி. சொல்லவுமில்லை. சொல்லாமலே வந்தவ."

அதைச் சொல்லிவிட்டு, அந்த வாசலில், எல்லாக் கட்சிக்காரருக்கும் நடுவில், அட்டைகளால் முகத்தை மறைத்துக்கொண்டு அக்கா அழுதார். சொசேஜ் வாங்கிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரர் நின்று, என்ன தோற்றுவிட்டீர்களா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். சனம் பார்க்காதபடி அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன்.

ஆனால் நான் தேர்தல் வேலைக்காரன். கொஞ்ச நேரம்கூடப் பொறுக்க முடியவில்லை. இங்கே வாக்களிக்காவிட்டால் தண்டம் கட்ட வேண்டும், அதனால் அந்தப் பெண் எப்படியும் முன்கூட்டியே போய்ப் போட்டிருப்பார். ஒரு வாக்கு என்றாலும் வாக்குத்தானே.

"அக்கா, அவ வோட்டுப் போட்டிட்டாவோ?"

"ஓமாம். நேற்றே போட்டிட்டாவாம்."

"ஆருக்காம்? எங்களுக்கோ?"

அக்கா முகத்திலிருந்து அட்டைகளை எடுத்தார். கண்ணைத் துடைத்தார். இந்தத் தம்பிக்கு எத்தனை வீடு காட்டியும் ஒன்றும் ஏறவில்லையே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"வீடு தேடி வந்த மனுசியிட்ட அதைக் கேக்கிறதே?" என்றார். அப்படியே திரும்பி, உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை மறித்து, பிள்ளைக்குக் காய்ச்சல் சுகமோ என்று விசாரிக்கத் தொடங்கினார். பின்னால் வரிசை நின்றுவிட்டது.